பன்னிரண்டு வந்து போனது

அந்தப் பெரிய மருத்துவமனைக்கு யார் போன் செய்தாலும் முதலில் காதில் விழுவது அவருடைய குரல்தான். "ஹலோ, சொல்லுங்க" என்று அவர் சொல்லும் விதத்திலேயே கூப்பிட்டவருக்குப் பாதிப் பதற்றம் அடங்கிவிடும் என்பார்கள். டாக்டர்களிலிருந்து லிஃப்ட் ஓட்டுபவர் வரை எல்லோருக்கும் அவர் "ஹலோ சார்". சம்பளப் பட்டியலில் வேறொரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், வேறு யாரையோ தேடுகிறார்கள் என்று நினைத்து அவர் பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவருடைய பார்வையை அப்படியே வாரிக்கொண்டு போய்விட்டது. நிறங்கள் கொஞ்சம் நினைவில் தங்கின; முகங்கள் தங்கவில்லை. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு அக்காதான் அவருக்கு எல்லாம். தன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டு வந்த குழாய் மெக்கானிக்கிடம், "நான் வந்தா என் தம்பியும் கூட வருவான். சம்மதம்னா மேல பேசுங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னவள் அவள். தம்பிக்கு வாய் ஓயாது என்று ஏற்கெனவே அறிந்திருந்த அந்த மனிதர் சற்று யோசித்துவிட்டு, "வீட்டுக்கு ஒரு ரேடியோ வாங்கணும்னு இருந்தேன். இனிமே அந்தச் செலவு மிச்சம்" என்றாராம். அன்றிலிருந்து ஹலோ சாருக்கு அவர் "மாமா". மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. நாற்பது வயதைத் தாண்டியும் ஹலோ சார் அந்த வீட்டின் சின்ன அறையில்தான் இருந்தார். கல்யாணப் பேச்சு ஒன்றிரண்டு முறை எழுந்து, எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்துவிட்டது.

யாரையும் எதிர்பார்த்து நிற்கிற ஆள் இல்லை அவர். மாடிப்படி, சந்து முனை, சாலையைக் கடக்கிற இடம், மருத்துவமனை நடைபாதைகள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. போனைப் பேசவைத்துச் செய்தி கேட்பார். தன் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொள்வார். ஆனால் பஸ் நிறுத்தத்தில் மட்டும் அவருடைய பாச்சா பலிக்கவில்லை.

அந்த நிறுத்தத்துக்கு ஏழெட்டுத் தடத்து பஸ்கள் வரும். எல்லாவற்றுக்கும் ஒரே உறுமல், ஒரே பிரேக் சத்தம், ஒரே புகை வாசனை. எண் மட்டும்தான் வேறு. அதுவோ நெற்றியில் எழுதியிருக்கிறது. "இது எந்த பஸ்ஸுங்க?" என்று அவர் காற்றைப் பார்த்துக் கேட்பார். போனில் மூழ்கியிருப்பவர்கள் காதில் அது ஏறாது. ஒருவர் பதில் சொல்வதற்குள் பஸ் கிளம்பிவிடும். சில புண்ணியவான்கள் கேட்காமலேயே உதவி செய்வார்கள். அப்படி ஒருவர் ஒருநாள் அவரைக் கையைப் பிடித்து ஏற்றி, இருக்கையும் வாங்கிக் கொடுத்து, "பத்திரமாப் போங்க" என்று வாழ்த்தி அனுப்பினார். பஸ் நேராகப் பணிமனைக்குள் போய் நின்றது. டிரைவரும் ஹலோ சாரும் அங்கே ஒரு டீ குடித்தார்கள். அன்றைக்கு மருத்துவமனையில் பாதி நாள் யாரோ ஒருவர் போனை எடுத்து "யாரு, யாரு" என்று கத்திக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு காலையில் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"அதுல ஏறாதீங்க. அது உங்க பஸ் இல்ல."

"என் பஸ் எதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து யாரையோ கேட்டுட்டு இருந்தீங்களே, நாப்பத்தேழு எப்ப வரும்னு. அவர் பதிலே சொல்லல. எனக்குத்தான் சங்கடமாப் போச்சு."

அன்றிலிருந்து தினமும் அந்தக் குரல் அங்கே இருந்தது. பெரிய ஹோட்டல் ஒன்றின் லாண்ட்ரியில் வேலை என்று தெரிந்தது. படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட்டு எடுக்கிற மெஷினில் நிற்பாளாம். அவள் பக்கத்தில் வந்து நின்றாலே கஞ்சி போட்ட துணியும் சூடான பருத்தியுமாக ஒரு வாசனை வரும். "என் பஸ் பன்னெண்டுங்க. அது என்னைக்கு நேரத்துக்கு வந்திருக்கு? ஆடி அசைஞ்சுதான் வரும்" என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தாள். நாற்பத்தேழு வந்ததும், "இதோ வந்துடுச்சு. கதவு உங்களுக்கு நேரா இருக்கு, ஒரு படி உயரம்" என்பாள். கையைப் பிடித்து இழுக்கமாட்டாள். அவர் ஏறியதும் "போயிட்டு வாங்க சார்" என்பாள். பஸ் நகரும்போது, இன்னும் வராத பன்னிரண்டுக்காக அவள் தனியாக நிற்பதை நினைத்து அவருக்குக் கொஞ்சம் பாவமாக இருக்கும்.

இடைப்பட்ட நேரத்தில் பேச்சு ஓடும். சட்டைப் பைக்குள் பல் செட்டை வைத்துச் சலவைக்குப் போட்ட விருந்தாளி, தனக்குப் பிடிக்காதவர்களுக்கு மட்டும் மூக்கடைப்பு வந்தவர் மாதிரி பதில் சொல்லும் சூப்பர்வைசர் என்று அவள் ஒன்று சொல்வாள். "உங்க ஏரியாவுல மழை பெய்யுதான்னு கேக்கறதுக்காக ஒருத்தர் ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணினார்" என்று அவர் ஒன்று சொல்வார். பகலில் சுவையான அழைப்பு ஏதாவது வந்தால், நாளைக் காலையில் சொல்ல வேண்டும் என்று அவர் மனசுக்குள் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்வார். இப்படியே சில வருடங்கள் ஓடிவிட்டன. பெயரை அவரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. வீட்டில் அவர் "லாண்ட்ரி மேடம்" என்று குறிப்பிடுவார். அக்கா கேட்டுக்கொள்வாள்.

அந்த வருடம் கண் வார்டு நர்ஸ் இரண்டு கல்லூரி மாணவர்களை அவருடைய அறைக்கு அனுப்பிவைத்தார். ஒரு பெண், ஒரு பையன். கடைசி வருடப் படிப்புக்கு, நகரத்தில் இருக்கிறவர்களுக்கு அன்றாடம் வருகிற ஒரு தொல்லையை எடுத்துக்கொண்டு அதற்கு ஒரு கருவி செய்து காட்ட வேண்டுமாம்.

"சார் உங்களுக்கு தினமும் எது சார் ரொம்பக் கஷ்டம் ரோட்டைக் கடக்கறதா படிக்கறதா சமையலா துணியில கலர் கண்டுபிடிக்கறதா நாங்க ஒரு லிஸ்டே வச்சிருக்கோம் சார்" என்று அந்தப் பெண் ஒரே மூச்சில் கொட்டினாள்.

"முதல்ல மூச்சு விட்டுக்கோம்மா" என்றார் ஹலோ சார். "எனக்குக் கஷ்டம் ஒண்ணுதான். பஸ்."

"பஸ்ஸா?"

"எந்த பஸ்ஸுன்னு தெரியணும். யாரையும் கேக்காம."

"ம்" என்றான் பையன். அன்று முழுக்க அவன் பேசியது அவ்வளவுதான். அந்தக் கணமே ஹலோ சார் இருவருக்கும் பெயர் வைத்துவிட்டார். அவள் எக்ஸ்பிரஸ், இவன் உம்கொட்டி. சொன்னபோது இருவரும் சிரித்தார்கள். பிறகு அவர்களே ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

அவர்கள் செய்த கருவி ஒன்றும் பெரியதில்லை. பேனாவைப் போலச் சட்டைப் பையில் செருகிக்கொள்ளும் ஒரு குட்டி கேமரா. அது எதிரே வரும் பஸ்ஸின் எண்ணைப் பார்க்கும். போனில் இருக்கும் நிரல் அதைப் படித்து ஒரு காதில் சொல்லும். சொல்வதற்குச் சுலபம். முதல் சோதனையன்று மாலை அதே நிறுத்தத்தில் மூன்று பேரும் நின்றார்கள். கருவி கம்பீரமாக "பத்து" என்றது. அங்கே பத்தாம் எண் பஸ்ஸே கிடையாது. பார்த்தால், முதுகில் பத்து என்று போட்ட பனியனோடு கால்பந்து விளையாடிவிட்டு ஒருவன் போய்க்கொண்டிருந்தான்.

"அவர்கிட்ட கேளும்மா, ஆஸ்பத்திரி வழியாப் போவாரான்னு" என்றார் ஹலோ சார்.

எக்ஸ்பிரஸுக்கு அழுகை வந்துவிட்டது. கேலி செய்ததற்கு அவர் வருத்தப்பட்டு, எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அடுத்தடுத்த நாட்களில் கருவி வேக வரம்புப் பலகையைப் படித்தது, லாரியின் பின்பக்கத்தைப் படித்தது, மழைத் துளி விழுந்தால் ஊமையாகிவிட்டது. இருவரும் விடவில்லை. வாரக்கணக்கில் சாலையோரம் நின்று வருகிற போகிற பஸ்களையெல்லாம் படம் பிடித்து அதற்குப் பாடம் புகட்டினார்கள். அதன் மெஷின் குரல் எண்களைக் கடித்துத் துப்பியதால், எக்ஸ்பிரஸ் தன் குரலிலேயே எண்களைப் பேசிப் பதிந்தாள். அவள் வேகத்தில் "நாற்பத்தேழு" காதுக்குள் நுழைவதற்கு முன்பே முடிந்துவிட்டது. "மெதுவா" என்றான் உம்கொட்டி. மறுபடியும் பதிந்தார்கள். மறுபடியும் "மெதுவா" என்றான். கடைசியில் அவள் ஒவ்வொரு எண்ணையும் குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோலச் சொல்லியிருந்தாள். கேட்கவே இதமாக இருந்தது.

"ஒரு மாசம் நீங்களே வச்சுக்கங்க சார். அது எப்ப என்ன படிச்சுதுன்னு எல்லாம் தானாப் பதிஞ்சுக்கும். சரியா வேலை செய்யுதான்னு நாங்க பார்த்துக்குவோம்" என்று கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை ஹலோ சார் சின்னப் பிள்ளை மாதிரி கிளம்பினார். லாண்ட்ரி மேடத்திடம் முன்கூட்டியே சொல்லவில்லை. நாற்பத்தேழு வரும்போது அவள் வாயைத் திறப்பதற்குள் தானே சொல்லி அசத்திவிட வேண்டும் என்பது திட்டம். பேனா பையில் இருந்தது. இயர்போன் அவளுக்குத் தெரியாத பக்கத்துக் காதில் இருந்தது.

"என்ன சார், இன்னைக்கு முகத்துல ஒரே சிரிப்பு?"

"ஒண்ணுமில்லைங்க, சும்மாதான்."

"முப்பத்தொன்று" என்றது காது. "முப்பத்தொண்ணு. நமக்கில்ல" என்றாள் அவள். ஹலோ சாருக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு அவள் தலையணை உறைகள் எண்ணிக்கையில் வராமல் போன கதையை ஆரம்பித்தாள். பாதிக் கதையில் ஒரு பஸ் வந்து நின்றது.

"பன்னிரண்டு" என்றது காது.

அவளுடைய பஸ். கதையை நிறுத்திவிட்டு "நான் கிளம்பறேன் சார்" என்று அவள் சொல்வாள் என அவர் காத்திருந்தார். ஜனங்கள் ஏறினார்கள். கதவு மூடியது. பஸ் முனகிக்கொண்டு நகர்ந்தது. தலையணை உறைக் கதை ஒரு சொல்கூடத் தடுக்கி விழாமல் தொடர்ந்தது. முடிந்ததும் அவள் சொன்னாள்:

"பாருங்க, உங்க பஸ்ஸையும் காணோம், என் பஸ்ஸையும் காணோம்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொல்ல நினைத்ததெல்லாம் மறந்துபோய்விட்டது. நாற்பத்தேழு வந்தது, அவள் சொன்னாள், ஏறினார். கருவிதான் தப்பாகப் படித்திருக்கும் என்று வழியெல்லாம் தன்னைத் தேற்றிக்கொண்டார். பனியன்காரனைப் பஸ் என்ற கருவிதானே.

அடுத்த நாளும் பன்னிரண்டு வந்து போனது. அதற்கடுத்த நாள் மழை. அன்றைக்கு ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு பன்னிரண்டுகள் வந்து போயின. அவள் குடையை அவர் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "பன்னெண்டா? அது எங்க வரப்போகுது" என்றாள். குடைத்துணியில் மழை படபடவென்று விழுந்தது. அவளுடைய தோள் நனைவதன் ஈர வாசனை அவருக்குத் தெரிந்தது.

இத்தனை வருடங்களாகத் தாமதமாக வந்தது பஸ் இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வெயிலிலும் மழையிலும் தன் பஸ்ஸை விட்டுவிட்டு, அவரை ஏற்றி அனுப்பிய பிறகுதான் அவள் கிளம்பியிருக்கிறாள். அந்த சூப்பர்வைசரின் மூக்கடைப்புப் பேச்செல்லாம் எதனால் என்பதும் புரிந்தது. அவர் மனசு கனத்தும் போனது, குளிர்ந்தும் போனது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் முடியும் என்று அவருக்கே விளங்கவில்லை.

அன்று மாலை அக்காவிடம் மட்டும் சொன்னார். அவள் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"கருவி இருக்குன்னு சொல்லிட்டியா?"

"இல்லக்கா."

"ஏன்டா?"

"சொன்னா அவங்க முதல் பஸ்லயே போயிடுவாங்க."

"போகட்டுமே. பாவம், உன்னால தினமும் லேட்டாப் போய் வாங்கிக் கட்டிக்கறாங்க."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா சொல்லாம இருக்க?"

கத்தி மறுபடி ஓடத் தொடங்கியது, முன்னைவிட மெதுவாக. கூடத்திலிருந்து மாமா, "ரேடியோ ஏன் இன்னைக்கு ஆஃப்ல இருக்கு?" என்று குரல் கொடுத்தார். "நீங்க சும்மா இருங்க" என்றாள் அக்கா.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் கிளம்புவார். நிறுத்தத்துக்கு வந்து அந்தக் குரலைக் கேட்டதும் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வேறு கதையை எடுத்துவிடுவார். காதில் "பன்னிரண்டு" என்று இதமாகச் சொல்லும்போதெல்லாம் நெஞ்சில் ஏதோ குத்தும். பொறுக்க முடியாமல் ஒருநாள் நிறுத்தத்துக்கு வரும் முன்பே கருவியை அணைத்துவிட்டார். அதன் பிறகு தினமும் காலையில் அணைத்துவிட்டு, மாலையில் மட்டும் போட்டுக்கொள்வது வழக்கமாயிற்று.

மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்போது எக்ஸ்பிரஸும் உம்கொட்டியும் பதறியடித்துக்கொண்டு வந்தார்கள்.

"சார் காலையில எதுவுமே பதியல சார் சாயங்காலம் எல்லாம் சரியா இருக்கு வெயில் கேமராவுல நேரா அடிக்குதா இல்ல பேட்டரியா ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தோம் சார் எங்க தப்புன்னே தெரியல."

அவள் குரல் தேய்ந்து போயிருந்தது. தங்கள் வேலையில்தான் குறை என்று இரண்டு பிள்ளைகளும் மாய்ந்து போயிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவருக்கு வெட்கமாகிவிட்டது. ஒரு அழைப்பு வந்தது. "ஹலோ, சொல்லுங்க" என்று எடுத்து, எலும்பு முறிவுப் பிரிவுக்கு இணைத்துவிட்டு, ஹெட்செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"உங்க மேல தப்பே இல்லம்மா. நான்தான் அணைச்சு வச்சேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பன்னிரண்டு வந்து போனதையும், குடை சாய்ந்ததையும், அக்கா கேட்டதையும். எக்ஸ்பிரஸ் ஓடாமல் நின்ற நேரம் அது ஒன்றுதான். உம்கொட்டிதான் தொண்டையைச் செருமினான்.

"சார், அவங்ககிட்ட சொல்லிடுங்க சார். இது அவங்களுக்குத் தெரியாம உங்க காதுல இருக்கறது எனக்கு என்னவோ மாதிரி இருக்கு. நாங்க அப்படி யோசிச்சு செய்யல."

அவன் ஒரேயடியாக இத்தனை சொல் பேசியதைக் கேட்டு எக்ஸ்பிரஸே திகைத்துப் போனாள்.

மறுநாள் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. பேனாவைக் காட்டினார், இயர்போனைக் காட்டினார். மாணவர்கள் செய்தது, பஸ் எண் சொல்லும் என்றார்.

"அட, நல்லதாப் போச்சே" என்றாள் அவள் சந்தோஷமாக. "இனிமே யாரையும் கேக்க வேண்டாம். எப்போ குடுத்தாங்க?"

"கொஞ்ச நாளாச்சு."

"எல்லா பஸ்ஸையும் சொல்லுமா?"

"எல்லாத்தையும் சொல்லும்."

பக்கத்தில் ஒரு ஆட்டோ இருமிக்கொண்டு போனது. அவள் மூச்சு விடுவது அவருக்குக் கேட்டது. ஒரு பஸ் வந்து நின்றது. அன்று கருவி போட்டிருந்தது, "பன்னிரண்டு" என்றது.

"என் பஸ் வந்துடுச்சு. வரேன் சார்" என்றாள். கஞ்சித் துணி வாசனை விலகிப் போனது. கதவு மூடியது.

அதிலிருந்து காலைகள் சப்பென்று ஆகிவிட்டன. ஒருநாள் வந்து முதல் பன்னிரண்டிலேயே ஏறிப் போனாள். "நல்லா இருக்கீங்களா" என்பதோடு சரி. பிறகு அந்தக் குரலே கேட்கவில்லை. அவருக்கு முன்பே வந்து கிளம்பிவிடுகிறாளோ, பக்கத்தில் நின்றும் பேசாமல் இருக்கிறாளோ, அதுவும் தெரியவில்லை. கருவி துல்லியமாக வேலை செய்தது. யாரையும் கேட்காமல், யார் கையையும் எதிர்பாராமல் நாற்பத்தேழில் ஏறினார். சிறுவயதிலிருந்து அவர் ஏங்கியது அதுதான். மருத்துவமனையில், "ஹலோ சார், உடம்பு சரியில்லையா? குரல் ஒரு மாதிரி இருக்கே" என்று போன் செய்தவர்களே விசாரித்தார்கள்.

அக்கா ஒரு காலையில் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே, "நான் ஒண்ணு சொல்லட்டுமா? அவங்க நிக்கற இடத்துக்குத்தான் நீ தினமும் போற. அவங்க போற இடத்துக்கு நீ ஒரு நாளாவது போயிருக்கியாடா?" என்றாள்.

அன்றைக்கு அவர் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே நிறுத்தத்துக்கு வந்துவிட்டார். முப்பத்தொன்று வந்தது. நாற்பத்தேழு வந்தது, அவர் நகரவில்லை. "சார், உங்க பஸ்" என்று யாரோ ஒருவர் அதிசயமாகச் சொன்னார். "தெரியுங்க" என்றார். பிறகு காதில் "பன்னிரண்டு" என்றது. கைத்தடியால் படியைத் தேடிப் பிடித்து ஏறினார்.

உள்ளே நல்ல கூட்டம். எப்படித் தேடுவது? பெயரும் தெரியாது. அவரிடம் இருந்த ஒரே சொத்து அந்தக் குரல்தான். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, முழு மருத்துவமனைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"ஹலோ! லாண்ட்ரி மேடம் இருக்காங்களா?"

பஸ் முழுக்கச் சிரிப்பு. டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்திருப்பார். சிரிப்பு அடங்கியது. அவர் முகம் சுட்டது. தவறான பஸ்ஸில் ஏறிவிட்டோமோ என்று நினைக்கும்போது, பின்னாலிருந்து ஒரு குரல்:

"இங்க இருக்கேன். ஏன் இப்படிக் கத்தறீங்க? ஊரே பாக்குது."

கூட்டம் தானாக வழி விட்டது. ஒரு கல்லூரிப் பெண் எழுந்து இடம் கொடுத்தாள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இத்தனை வருடத்தில் அவர்கள் சேர்ந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"வேலைக்குப் போகலையா?" என்றாள்.

"லேட்டாப் போறேன். நீங்க எத்தனை தடவை லேட்டாப் போயிருக்கீங்க."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள் என்பது குரலில் தெரிந்தது.

"மெஷின் வந்ததுக்கு எனக்குக் கோபம் இல்ல சார். சந்தோஷம்தான். ஆனா, என் பஸ் வரல வரலன்னு நான் பொய் சொன்னது அத்தனையும் உங்களுக்குக் கேட்டுட்டு இருந்திருக்கு. அதை நினைச்சா உடம்பே கூசுது. என்னைப் பத்தி என்ன நினைச்சிருப்பீங்க."

"ஒண்ணு கேக்கட்டுமா? எதுக்காக விட்டீங்க?"

அடுத்த நிறுத்தம் வந்து, ஆள் இறங்கி, ஆள் ஏறி, பஸ் மறுபடி கிளம்பிய பிறகு அவள் சொன்னாள்:

"அம்மா படுத்த படுக்கையா இருந்தாங்க, ரொம்ப வருஷம். அவங்களைப் பார்த்துக்கிட்டே என் வயசு போயிடுச்சு. அவங்க போனப்புறம் வீட்டுல பேச ஆள் இல்ல. லாண்ட்ரியில மெஷின் சத்தத்துல யார் பேசறதும் யாருக்கும் கேக்காது. காலையில உங்ககிட்ட பேசறதுதான் எனக்கு நாளோட முதல் பேச்சு. சில நாள் அதுவேதான் கடைசிப் பேச்சும். முதல்ல உங்களுக்காகத்தான் நின்னேன். அப்புறம் எனக்காகத்தான் நின்னேன். உங்களுக்கு உதவி பண்றேன்னு நீங்க நினைச்சுக்கிட்டு இருந்தீங்க. அதான் வெக்கமா இருந்துச்சு."

ஹலோ சாருக்கு எந்த அழைப்பாக இருந்தாலும் வாயில் பதில் தயாராக இருக்கும். இப்போது கையைத்தான் மெதுவாக நீட்டினார். தன் கைப்பையைப் பிடித்திருந்த அவள் கை அகப்பட்டது. சூட்டில் உழைத்துக் காய்த்துப்போன கை. அது விலகவில்லை.

"கருவியை காலையில அணைச்சு வச்சிருந்தேன்" என்றார். "பன்னிரண்டுன்னு அது சொல்லும்போதெல்லாம், நீங்க போயிடுவீங்களோன்னு எனக்கு உயிரே போயிடும். செஞ்சு குடுத்த பிள்ளைங்க, மெஷின் கெட்டுப் போச்சுன்னு பாவம் மாய்ஞ்சு போயிட்டாங்க."

அவள் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொள்வது கேட்டது. "உங்க பேரையாவது சொல்லுங்க" என்றாள். சொன்னார். இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "நல்ல பேருதானே, எதுக்கு யாருமே கூப்பிடறதில்ல?" என்று கேட்டாள். ஹோட்டல் நிறுத்தத்தில் இறங்கியதும், மருத்துவமனைக்குப் போகிற பஸ் எதிர்ப்பக்கம் எங்கே வரும் என்று காட்டிக்கொடுத்துவிட்டு, அன்றைக்கும் தாமதமாகவே வேலைக்குப் போனாள்.

அந்த வருடக் கடைசியில் கல்லூரிக் கண்காட்சியில் எக்ஸ்பிரஸும் உம்கொட்டியும் தங்கள் கருவியை வைத்தார்கள். ஹலோ சார் தானே மேடையேறி, அது எப்படி வேலை செய்கிறது என்று காட்டினார். முதல் பரிசு குப்பைத் தொட்டி நிரம்பியதைச் சொல்லும் கருவிக்குப் போயிற்று. இவர்களுக்கு ஆறுதல் பரிசு. "காலையில ஏன் பதியலன்னு நடுவர்கள் குடைஞ்சு குடைஞ்சு கேட்டாங்க சார் நாங்க சொல்லவே இல்ல அதுலதான் மார்க் போச்சு" என்றாள் எக்ஸ்பிரஸ், கொஞ்சமும் வருத்தமில்லாமல். பார்வையற்றோர் சங்கம் ஒன்று அதைப் பற்றிக் கேள்விப்பட்டு அவர்களைக் கூப்பிட்டனுப்பியது. இப்போது நகரத்தில் பல பேர் சட்டைப் பையில் அந்தப் பேனா இருக்கிறது. எண்களை ஊட்டிவிடுவது இன்னமும் அவள் குரல்தான்.

அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை லாண்ட்ரி மேடத்தை வீட்டுக்கு வரவழைத்தாள். வந்தவளை உட்காரவைத்து, "என் தம்பி சட்டையை நல்லா இஸ்திரி போடுவான், பாத்திரம் கழுவுவான், மத்தபடி வாய் ஓயாது. யோசிச்சுச் சொல்லும்மா" என்றாள். அவள் யோசிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்து போட்டவர்கள் மாமாவும் எக்ஸ்பிரஸும் உம்கொட்டியும். உம்கொட்டியிடம் அதிகாரி, "இவங்களை உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டபோது அவன் வெகுநேரம் யோசித்துவிட்டு, "ம்" என்றான். எக்ஸ்பிரஸ்தான் பிடித்துக்கொண்டாள், அதிகாரி கையை உயர்த்தி நிறுத்தும்வரை சொன்னாள்.

அக்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, கீழ்த்தளத்தில் ஒரு வீடு பார்த்துக் குடிபோனார்கள். இப்போது காலையில் அவள் தன் பஸ்ஸில் நேரத்துக்குப் போய்விடுகிறாள். சூப்பர்வைசர் நல்ல குரலில் பேசத் தொடங்கிவிட்டாராம். ஹலோ சார் தன் பஸ்ஸில் போகிறார். மாலையில் முதலில் வீடு திரும்புகிறவர் டீ போட வேண்டும் என்பது ஒப்பந்தம். பெரும்பாலும் அவர்தான் முதலில் வருவார். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, பகலில் வந்த அழைப்புகளில் எதை முதலில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே, தெருவில் அவள் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்.